தவிட்டுக்குக் கொடுத்த மகள்

சொன்னால் சிரிப்பீர்கள், பரவாயில்லை, நானே சிரித்தவள்தான். எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவள், பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே "ஆதாரம் காட்டு" என்று குறுக்கே பாய்கிறவள். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டில் பட்டப்பகலில் நடந்ததற்கு என்னிடம் இன்றுவரை விளக்கம் இல்லை.

என் மகள் இனியாவுக்கு அப்போது எட்டு மாதம். நாலு நாளாய்க் காய்ச்சல். வைரஸ் காய்ச்சல்தான், மருந்தைக் கொடுங்கள், பால் குடிக்கிறாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அந்தப் பால்தான் பிரச்சினை. எனக்கோ மார்பு கட்டி வலிக்கிறது, பிள்ளையோ வாயை வைத்ததும் முகத்தைத் திருப்பி வீறிடுகிறாள். மணிக்கொரு தரம் தெர்மாமீட்டர் வைத்து செல்போனில் குறித்துக்கொண்டே இருந்தேன், நூற்று இரண்டு, நூற்று மூன்று. குறித்தால் குறைந்துவிடுமா என்ன, வேறெதுவும் செய்யத் தெரியவில்லை.

இதில் பக்கத்து வீட்டுப் பார்வதி அக்கா வேறு. வீட்டிலேயே விசைத்தறி வைத்திருக்கிறவர், மூன்று பிள்ளை பெற்றவர், கடைசிப் பையன் ஒன்பதாம் வகுப்பு. அவர் வந்து தூக்கித் தோளில் போட்டால் இனியா கப்பென்று அடங்கிவிடுவாள். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு வயிறு எரிந்தது. பெற்றவள் நான், அடங்குவது அங்கேயா?

நாலாம் நாள் மதியம் என் மாமியார் சொன்னார். "பேசாம பிள்ளைய தவிட்டுக்கு வித்துருவோம்." நோய்ப்பட்ட பிள்ளையை இன்னொருத்தி தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வாள், தேடி வந்த பீடை பிள்ளை கை மாறிவிட்டது என்று ஏமாந்து திரும்பும், விளக்கு வைக்கும் நேரத்தில் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். அதுவரை பெற்றவள் பிள்ளையைத் தொடக்கூடாது. சத்தியமாக நம்பிச் சம்மதிக்கவில்லை, பயந்து சம்மதித்தேன்.

பார்வதி அக்கா ஒரு முறம் தவிட்டோடு வந்தார்.

"ஏட்டி, வாயால சொல்லணும்லா. கொடுத்தேன்னு சொல்லு."

"கொடுத்தேன்."

"இனிமே இவ எம் பிள்ள. வா மக்கா, நம்ம வீட்டுக்குப் போவோம்."

விளையாட்டாய்த்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. அந்த எரிச்சலில் தவிட்டைக் கொண்டுபோய்க் கொல்லையில் நின்ற ஆட்டுக்குக் கொட்டிவிட்டேன்.

நம்பினால் நம்புங்கள், அரைமணி நேரத்தில் என் வலி நின்றது. கல்லாய்க் கிடந்த மார்பு லேசாகிவிட்டது, பிழிந்து பார்க்கிறேன், ஒரு சொட்டுப் பால் இல்லை. பதறிப்போய் அக்கா வீட்டுக்கு ஓடினேன். கரண்டி விழுந்தாலே அலறுகிற என் பிள்ளை தறி கடகடவென்று ஓடும் சத்தத்தில் அவர் மடியில் அசந்து தூங்குகிறாள், நெற்றி வேர்த்துக் குளிர்ந்திருக்கிறது, கடைவாயில் பால். அக்கா அவசரமாய் முந்தானையை இழுத்து மூடினார். அதற்குள் பார்த்துவிட்டேன், ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது.

"வேர்வைட்டி," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எட்டு மாதமாய் என் சேலையில் இருக்கிற வாசனை எனக்குத் தெரியாதா?

காய்ச்சல் விட்டதற்குச் சந்தோஷப்பட வேண்டாமா? பிள்ளையைப் பிடுங்கத்தான் கை பரபரத்தது. விளக்கு வைக்கும்வரை பொறுக்க முடியாமல் கடைக்கு ஓடித் தவிடு வாங்கி வந்து அக்காவிடம் நீட்டினேன். பின்னாலேயே வந்த மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

"கூறுகெட்டவளே, அவ தந்த தவிட்டைல்லா திருப்பிக் கொடுக்கணும்! அது எங்கட்டி?"

"ஆடு தின்னுட்டு அத்தை."

அக்கா நான் நீட்டிய தவிட்டை வாங்கி ஓரமாய் வைத்தார். பிறகு, "எந்தத் தவிடா இருந்தா என்ன, உம் பிள்ளைய நீ வச்சுக்கோ," என்று கையில் கொடுத்தார். வாங்கிய மறுநிமிஷம் எனக்குப் பால் சுரந்தது, இனியா ஆவலாய்க் குடித்தாள். மருந்து வேலை செய்திருக்கும், பயத்தில் பால் நின்றிருக்கும் என்று படித்த மூளை சமாதானம் சொன்னது. சரி. அவர் ரவிக்கைக்கு என்ன சமாதானம்?

போன வருஷம் அக்கா குடும்பம் புளியங்குடிக்குக் குடிபோனது. நிம்மதியாய் மூச்சுவிட்டேன், ஒளிப்பானேன். போன மாதம் ஒரு மதியம் அவரிடமிருந்து போன்.

"ஏட்டி, பிள்ளைக்கு மேலு சுடுதா?"

ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. "நல்லாத்தானே இருக்கா," என்று கொஞ்சம் திமிராகவே சொல்லி வைத்தேன். சாயங்காலத்துக்குள் நூற்று இரண்டு.

அதன்பின் இன்னொரு தடவையும் அப்படியே. இப்போதெல்லாம் இனியா கொஞ்சம் சோர்ந்து உட்கார்ந்தால் நான் அவள் நெற்றியைத் தொடுவதில்லை. போன் அடிக்கிறதா என்று பார்க்கிறேன்.