தண்ணியில ஓடின கரண்டு

எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போச்சுன்னு சொன்னதிலிருந்து எங்க காரை நம்பித்தான் அவர் உசிரு இருந்துது. கூட்டேரிப்பட்டுப் பக்கத்துல எங்க ஊர். அங்கேயிருந்து விழுப்புரத்து ஆஸ்பத்திரிக்கு வாரத்துல மூணு தரம் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கினு வரணும். மகன்தான் ஓட்டுவான். பழைய கார். ஆனா எங்க கார். கொழுந்தன் வீட்டு வாசல்ல பெரிய வண்டி நிக்குது. "சாவி ஆணியிலதான் தொங்குது அண்ணி, கேளுங்க" என்பார். சரி என்பேன். கேட்டதில்லை. நான் யார் வீட்டு வாசல்லேயும் போய் நின்னவள் இல்லை.

முதல்ல விக்கிரவாண்டி தாண்டி வரும்போதுதான் அது நடந்துது. முன்னாடி மூடியிலிருந்து குபுகுபுன்னு ஆவி. ஆஸ்பத்திரியிலிருந்து வர்ற நேரத்துல அவர் பிழிஞ்சு போட்ட துணி மாதிரி பின்சீட்டில் கிடப்பார். ஒரு லாரி நிழல்ல அவரை உட்கார வச்சு, முந்தானையால விசிறிக்கினு இருந்தேன். திண்டிவனத்து மெக்கானிக் வந்து பார்த்து, ரேடியேட்டர் ஓட்டைன்னு புதுசு போட்டார்.

கொல்லையில மல்லாட்டைச் செடி பிடுங்கி முடிக்கல, அதுக்குள்ள புதுசும் ஒழுகிச்சு.

"இன்னா தண்ணி ஊத்துறீங்க பெரிம்மா? உங்க ஊரு போர் தண்ணியா? அது உப்பாச்சே" என்று கேட்டார் மெக்கானிக்.

எனக்குச் சுருக்குன்னுது. "நாங்க குடிக்கிறதுதான் போர் தண்ணி. காரு குடிக்கிறது கேன் தண்ணி. அதுலயும் நீங்க குடுத்த பச்சைக் கலரு கூலன்ட்டைக் கலந்துதான் ஊத்துறோம்."

சிரிச்சுட்டார். இன்னொண்ணு போட்டு அனுப்பினார். அதுவும் நிக்கல. மூணாவது தரம் நானும் கூடப் போனேன். இந்த முறை அவர் சிரிக்கல. கழட்டின ரேடியேட்டரை அறுத்துத் திறந்து என் பக்கம் காட்டினார். உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. அதைத் துடைச்சா, ஊசி குத்தின மாதிரி கறுப்புக் கறுப்பா பொத்தல்.

"இது துரு இல்ல பெரிம்மா. கல்லு கில்லும் படல. உள்ளேர்ந்து தின்னுருக்கு. தண்ணியில கரண்டு வருதான்னு பாக்கணும்."

வேற ஒரு ரேடியேட்டரைத் தற்காலிகமா மாட்டி, தண்ணி ரொப்பி, இன்ஜினை ஓட விட்டார். கரண்டு பாக்குற மீட்டரை எடுத்தார். ஒரு கம்பியை பேட்டரி மைனஸ்ல வச்சார். இன்னொண்ணை ரேடியேட்டர் வாயில விட்டார், இரும்புல படாம, தண்ணியில மட்டும் படுற மாதிரி. "லைட்டப் போடு. ஆரன் அடி. வைப்பர். ஏசி" என்று ஒண்ணொண்ணா சொல்லச் சொல்ல, மகன் போட்டுப் போட்டு அணைச்சான். மீட்டர் அப்படியே கிடந்துது.

"வேற இன்னா இருக்கு வண்டியில?"

மகன் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தான். "அப்பாவுக்கு ஒரு ஃபேன் போட்ருக்கேன்ணா."

ஊசி போட்டுக்கினு வரும்போது ஏசிக் குளிர் அவருக்கு ஆவாது, நடுக்கம் வந்துடும். காத்து இல்லாட்டி மூச்சு முட்டும். அதுக்காகப் பின்சீட்டுக்கு ஒரு சின்ன ஃபேனை மகனே வாங்கி, மகனே ஒயர் இழுத்து மாட்டினான். அந்தக் காத்துலதான் அவர் கண் மூடுவார். ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கேன், என் பிள்ளை மாதிரி யாரு செய்வான்னு.

அந்த ஃபேனைப் போட்டான். மீட்டர்ல நம்பர் ஏறிச்சு. அணைச்சான், இறங்கிச்சு. மறுபடியும் போடச் சொன்னார். மறுபடியும் ஏறிச்சு. மெக்கானிக் ஒயரைத் தடவிக்கினே போய், ரேடியேட்டர் போல்ட்டுல நிறுத்தினார்.

"ஃபேன் எர்த்தை ஏன்டா இங்க கொண்டாந்து வச்ச? வண்டியோட ஒயருன்னு நானும் ஒவ்வொரு தரமும் திரும்ப மாட்டிட்டேனே."

"தண்ணி இருக்கிற எடத்துல எர்த் நல்லா பிடிக்கும்னு..."

எங்க மோட்டார் கொட்டாயில அப்படித்தான். பள்ளம் தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, எர்த் கம்பியை நட்டிருக்கோம். கோடையில அது காய்ஞ்சா மோட்டார் ஷாக் அடிக்கும். குடத்துல தண்ணி கொண்டுபோய் ஊத்துவோம். மகனுக்கு அதைச் சொல்லிக் குடுத்தது அவன் அப்பாதான்.

"மோட்டாருக்கு அது சரி. காருக்கு ஏதுடா மண்ணு? ரேடியேட்டர் ரப்பர் மேல உக்காந்துகினு இருக்கு. கரண்டுக்கு வேற வழி இல்ல, தண்ணி வழியா இன்ஜினுக்குப் போவுது. போற வழியெல்லாம் கரைச்சுக்கினே போவுது. பாடியில ஒரு ஆணியில வச்சிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார் மெக்கானிக்.

ஒயரை மாத்த அஞ்சு நிமிஷம்கூட ஆகல. சரியாயிடுச்சுன்னு நான் எழுந்தேன். அவர் உட்காரச் சொன்னார். இன்ஜின் மேல்பாகத்தையும் கழட்டிப் பாக்கணும்னார். கழட்டினார். அங்கேயும் அதே பொத்தல், தண்ணி போற வழி பூரா.

"வெல்டு வச்சுப் பாக்கலாம். நிக்கும்னு வாக்கு குடுக்க மாட்டேன் பெரிம்மா."

கார் அங்கேயே கிடந்துது. மகன் வீட்டுக்கு வந்து சோறு தொடல. அவனே போய் அப்பாகிட்ட சொன்னான். அவர் கேட்டுக்கினு, "நான் சொல்லிக் குடுத்தபடிதானேடா வச்ச" என்றார். திட்டியிருந்தா அவனுக்குத் தேவலாம்போல இருந்திருக்கும்.

அடுத்த தரம் பஸ்ஸுல போனோம். போகும்போதே வாந்தி. வரும்போது யாரோ எழுந்து இடம் குடுத்தாங்க, அந்த சீட்டில் உட்காரவும் அவரால முடியல, சரிஞ்சு சரிஞ்சு விழுந்தார். கூட்டேரிப்பட்டுல இறங்கி, ரோட்டோரம் மண்ணுல படுத்துட்டார். அதுக்கு அடுத்த தரம் பஸ்ஸுக்கு வர மாட்டேன்னு சொல்லிட்டார். கால் ரெண்டும் வீங்கிச்சு, முகம் உப்பிச்சு.

நான் கொழுந்தன் வீட்டுக்குப் போனேன். வாசல்ல நின்னு கேட்டேன். கேலி ஏதும் இல்லை. "இதுக்கு இவ்ளோ நாளா அண்ணி" என்று மட்டும் சொல்லிட்டு, ஆணியிலிருந்த சாவியை எடுத்துக்கினு அவரே ஓட்டிக்கினு வந்தார். பின்சீட்டில் நான் தலகாணி போட்டேன். உள்ளே போய் எழுப்பினேன்.

அவர் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"கேட்டுட்டியாமே?"

"கேட்டுட்டேன். வண்டி வந்துடுச்சு. எழுந்திருங்க."

"வேணாம்மே. என்னால முடியல. வண்டிய அணைக்கச் சொல்லு, பெட்ரோல் வீணாவுது."

பக்கத்துல உட்கார்ந்து அவர் கையைப் பிடிச்சேன். ரத்தம் சுத்தம் பண்ற ஊசி குத்தறதுக்காக ஆஸ்பத்திரியில கீறிச் சேத்து வச்ச நரம்பு விர்ருன்னு ஓடிக்கினுதான் இருந்துது. இன்னொரு தரம் கூப்பிட்டேன். திரும்பல. வெளியே வண்டி ஓடிக்கினே நின்னுது. அணைச்சுடுங்கன்னு நான் போய்ச் சொல்லல.