சட்டை உரித்த இறால்

போர் தண்ணீர் லேசாக உப்புத் தட்டினாலே முகம் தொங்கிப்போகிற நெல் விவசாயி நான். அப்படிப்பட்டவன் உப்பு மூட்டை வாங்கிவந்து, கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, அதற்குள் கடல் செய்கிறேன் என்று கிளம்பினால் பாபநாசத்துப் பக்கம் யார் சும்மா இருப்பார்கள்? "என்ன மாப்பிள்ளை, உப்பளம் ஆரம்பிச்சிட்டீங்களாமே" என்று டீக்கடையில் பிடித்தவர்கள் வயல்வரைக்கும் விடவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டேன். காரணத்தைச் சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம்.

காரணம் என் மனைவி. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒன்பது நாள் இருந்தது. பத்தாம் நாள் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தோம். அன்றிலிருந்து அவள் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். சோறு வைத்தால் நாலு வாய், பேசினால் "ம்", "வேணாம்". ஒரே ஒரு நாள் மட்டும், "என் கைராசி அப்படிங்க, எதுவும் தங்காது" என்றாள். சமையல், பாத்திரம், துணி எல்லாம் என் தலையில் விழுந்தது. அது கிடக்கட்டும். இவளும் இப்படியே போய்விடுவாளோ என்ற பயம்தான் என்னைத் தின்றது.

அவள் நாகப்பட்டினத்துக்காரி. அம்மா வீட்டுக்குப் போய்க் கடலையாவது பார்த்துவிட்டு வரலாம் என்றால் எழுந்திருக்கவில்லை. உரம் வாங்கத் தஞ்சாவூர் போன அன்று ஒரு வண்ணமீன் கடையில் கடல்தொட்டியைப் பார்த்தேன். நீல வெளிச்சம், பாறை, அதன்மேல் பொத்தான் பொத்தானாகப் பவளம். இது அவள் கண்ணில் பட்டால் ஒருவேளை எழுந்து உட்காருவாளோ என்று தோன்றியது. அவ்வளவுதான் என் யோசனை.

கடைக்காரர் பொறுமையான மனுஷன். மிஷினில் சுத்தம் பண்ணின தண்ணீரில் உப்பைக் கலக்க வேண்டும், அளவு சரியா என்று கருவியில் பார்க்க வேண்டும், கல்லை அடுக்க வேண்டும், பிறகு ஒரு மாசம் சும்மா விட வேண்டும் என்றார்.

"மீன் எப்ப விடுறது?"

"அவசரப்படாதீங்க சார். கல்லுல நல்ல கிருமி வளரணும். இல்லன்னா விடுறதெல்லாம் செத்துப்போயிடும்."

நாற்றங்காலில் விதை தெளித்தால்கூட நாலைந்து நாளில் பச்சை தெரியும். நான் ஒரு மாசம் வெறுங்கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் கல் முழுக்கப் பழுப்பாகப் பாசி பிடித்தது. சனியனே என்று திட்டிக்கொண்டே பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் உப்பில்லாத தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்றும் கடைக்காரர் சொல்லியிருந்தார். அதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த வயலில் உப்புப் பூத்து நிற்பதைப் பார்த்தவன் நான்.

மாசம் கழிந்து ஒரு கோமாளி மீன், நாலு நத்தை, கொஞ்சம் பவளம், சிவப்பில் வெள்ளைக்கோடு போட்ட ஓர் இறால் எல்லாம் வந்தன. முதல் வாரம் அவள் எட்டியே பார்க்கவில்லை. அடுத்த வாரம் ஒருநாள் நான் களத்திலிருந்து வந்தபோது தொட்டிக்கு முன்னால் நாற்காலி கிடந்தது. நான் போட்டதல்ல. கண்டுகொள்ளாதவன் போல அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பிறகு தீனி போடுகிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். ஒரு காலையில் "ஏங்க" என்று அவள் கூப்பிட்ட குரலில் பதறி ஓடினேன். இறால் பாறையடியில் வெளுத்துக் கிடந்தது. "போயிடுச்சுங்க" என்று அழுதாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்குள் கல்லுக்குப் பின்னாலிருந்து முழு இறால் ஒன்று மீசையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தது. கீழே கிடந்தது அது உரித்துப் போட்ட சட்டை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். எத்தனை மாசத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! அன்றைக்கு ரசம் அவள் வைத்தாள். உப்புக் கூடுதல்தான், ஆனால் நான் மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

இத்தோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. ஐப்பசி மழையில் ரெண்டு நாள் பவளம் சரியாக விரியவில்லை. மிஷின் தண்ணீர் செத்த தண்ணீர், அதில் சத்து ஏது என்று எனக்குள் ஒரு எண்ணம். எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீரைச் செப்புக்குடத்தில் ராத்திரி முழுக்க வைத்துத்தான் காலையில் குடிப்போம். உடம்புக்கு அவ்வளவு நல்லது. மனுஷனுக்கு நல்லதென்றால் இந்தச் சின்ன ஜீவன்களுக்கு இன்னும் நல்லதுதானே. குடத்தைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். மிஷின் தண்ணீரை அதில் ஊறவைத்து, தினம் காலையில் ரெண்டு சொம்பு தொட்டியில் ஊற்றினேன். அவள் அப்போது தூங்கிக்கொண்டிருப்பாள்.

ஒரு வாரத்தில் நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்தன. பவளம் சுருங்கியது. பிறகு இறால் மல்லாந்து கிடந்தது. அவள் பதறவில்லை. "சட்டை உரிச்சிருக்கும். எங்கயாவது ஒளிஞ்சிருக்கும், வரும்" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றைக்கு முழுக்க உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் உட்கார்ந்தாள். தண்ணீர் நாற ஆரம்பித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

அப்போது நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றும். "இவ்வளவு தீனியை யார் அள்ளிக் கொட்டச் சொன்னது?" என்று கத்தினேன்.

அவள் தீனி டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கடைக்காரருக்குப் போன் போட்டு, செத்ததையெல்லாம் சொன்னேன். மீன் நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். அது ஜம்மென்று நீந்துகிறது என்றேன்.

"செம்பு ஏதாவது பட்டுச்சா சார்? காசு, கம்பி, பாத்திரம்? மீன் தாங்கிடும். இறால், நத்தை, பவளத்துக்கெல்லாம் அது விஷம்."

குடம் எனக்கு எதிரே அடுப்படி மேடையில் மின்னிக்கொண்டிருந்தது.

உடனே உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கம். அதைவிடக் கத்திவிட்ட வீம்பு. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாலு நாள் போக்கினேன். அந்த நாலு நாளும் அவள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள்.

அஞ்சாம் நாள் குடத்தைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். புளி போட்டுத் தேய்த்தது, தண்ணீர் ஊறவைத்தது, கடைக்காரர் சொன்னது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். "நான்தான் கொன்னேன். நீ போட்ட தீனியில ஒண்ணுமே இல்ல. கத்தினது என் தப்பு" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். குடத்தைப் பார்த்தாள். பிறகு என் கையை எடுத்து மெதுவாகத் தடவிக் கொடுத்தாள்.

"எனக்காகப் பழியைத் தூக்கி உங்க மேல போட்டுக்கிறீங்க. நீங்க ரொம்ப நல்லவருங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.