எல்லாக் கேள்விக்கும் சைபர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் மலேசியாவில், கிள்ளான் நகரத்துக் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் அது வெடித்தது. நான் அப்போது கேண்டீனில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். "பத்து நிமிஷம் பாத்துக்கங்க" என்று நான் என் இடத்தில் நிறுத்திவிட்டு வந்த கூட்டாளி இறந்துபோனார். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மூன்று மாதமாகியும் நான் வேலைக்குத் திரும்பவில்லை. கம்பெனி என்னைக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பியது. கடைவீட்டு மாடியில் இருந்த அந்த அம்மா முதலில் ஒரு பாரத்தை, அதாவது கேள்விப் படிவத்தை, கொடுத்தார். கெட்ட கனவு வருகிறதா, சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடுகிறதா என்று இருபது கேள்விகள். ஆங்கிலத்துக்குக் கீழே தமிழில் கையால் எழுதியிருந்தார். 'இல்லவே இல்லை' என்றால் சைபர், 'ரொம்ப' என்றால் நாலு. வாராவாரம் பேச்சு தொடங்குமுன் நானே எழுதிக் கொடுக்க வேண்டும்.

நான் எல்லாவற்றுக்கும் சைபர் போட்டேன். கம்பெனிக்காரன் படிப்பான் என்று நினைத்தேன்.

"ரொம்ப நல்லது. அப்ப ஏன் வேலைக்குப் போகல?" என்றார்.

"கால் வலி."

அவர் 'கால் வலி' என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரமும் சைபர்தான். மூன்றாவது வாரம், பக்கத்துக் கடையில் சேலை பார்க்க வேண்டுமென்று மனைவியும் கூட வந்தாள். அன்றைக்கு அந்த அம்மா கேள்விகளை வாய்விட்டு வாசித்தார்.

"நடந்தத ஞாபகப்படுத்துற சாமான் எதையாவது ஒதுக்குறீங்களா?"

"இல்ல" என்றேன்.

"குக்கர பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டாரு" என்றாள் மனைவி.

"குக்கர் சோறு ருசியா இல்ல."

"தண்ணி கொதிக்க வெச்சா வெளிய போய் காடி கழுவுறாரு."

"கார் கழுவுறது நல்லதுதானே" என்றார் ஆலோசகர்.

"எங்ககிட்ட காடி இல்ல. அதுவும் பக்கத்து வீட்டுதுதான்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. பாரம் எதுவும் கம்பெனிக்குப் போகாது என்று சொல்லி, அவற்றை வைத்துப் பூட்டும் இரும்பு அலமாரியைக் காட்டினார். நான் புதிய பாரம் வாங்கி மறுபடி எழுதினேன். கூட்டினால் நாற்பத்தெட்டு வந்தது.

"ஒரே வாரத்துல இவ்வளவு மோசமாயிட்டேனா?"

"போன வாரமும் இதே அளவுதான் இருந்திருக்கும். இந்த வாரம்தான் எழுதியிருக்கீங்க."

அதன் பிறகு எண் மெதுவாக இறங்கியது. அவருடைய அறையிலேயே ஒரு கெட்டிலைக் கொதிக்க விட்டு, விசில் அடிக்கும்வரை என்னை உட்காரவைத்தார். முதல் தடவை படிக்கட்டு வரை ஓடினேன். ஐந்தாவது தடவை உட்கார்ந்திருந்தேன். சட்டை மட்டும் வேர்வையில் நனைந்திருந்தது.

முப்பதுக்கு வந்ததும் எண் அங்கேயே நின்றுவிட்டது. ஏன் என்று அவர் கேட்டார்.

"எனக்கு வேண்டிய கேள்வி இதுல இல்ல" என்றேன்.

"என்ன கேள்வி?"

"அவர அங்க நிக்கச் சொன்னது நான்தானேன்னு."

அவர் பாரத்தைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை என் முன்னால் வைத்தார். "இங்க எழுதுங்க." நாலு வரி எழுதினேன். அதற்கு ஒரு மணி நேரம் ஆனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரவாங்குக்குப் போய்க் கூட்டாளியின் மனைவியிடம் அதையே சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்து மைலோ கலக்கிக்கொண்டு வந்தார்.

"அன்னைக்கு அவருக்கு வயித்துக் கோளாறுண்ணே. நீங்க கூப்பிட்டிருந்தாலும் கேண்டீனுக்கு வந்திருக்கமாட்டாரு, அங்கயேதான் இருந்திருப்பாரு" என்றார். பிறகு, "அப்பா என்ன வேல பாத்தாருன்னு பெரியவ கேட்டுக்கிட்டே இருக்கா. எனக்குச் சொல்லத் தெரியல" என்றார்.

மகளுக்குப் பத்து வயதிருக்கும். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பாய்லரை வரைந்து, நெருப்பு எங்கே, தண்ணீர் எங்கே, ஆவி எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று சொன்னேன். அப்பா எங்கே நிற்பார் என்று கேட்டாள். அந்த இடத்தையும் காட்டினேன்.

அடுத்த மாதம் அதே தொழிற்சாலையில் ஸ்டோர் பகுதியில் சேர்ந்தேன். அந்த வாரப் பாரத்தில் பதினாறு.