வெள்ளைப் பட்டு கட்டிவிட்டவர்

வாயில் ஏழு சேலைப் பின்களைக் கவ்விக்கொண்டுதான் லோகேஸ்வரி அக்கா பேசுவார். ஒன்றுகூடக் கீழே விழாது. "மூச்ச இழுத்துப் பிடிக்காதம்மா. அப்புறம் கல்யாணக் காடியில ஏறி உக்காந்தா எல்லாம் கழண்டுரும்லா" என்று மணப்பெண்ணை அதட்டியபடியே கொசுவத்தை மடிப்பார்.

எங்கள் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் இருபது வருடமாக இதுதான் தொழில். முருகன் கோயிலுக்குக் கூறைச் சேலை, மாதா கோயிலுக்கு வெள்ளைப் பட்டு, தமிழ் மாப்பிள்ளையைக் கட்டும் சீனப் பெண்ணுக்கு வாழ்க்கையின் முதல் சேலை, எல்லாம் இவர் கைதான். அக்கா இந்து, கணவர் பீட்டர் கத்தோலிக்கர். "எங்க வீட்டுல சாமி ரெண்டு, அடுப்பு ஒண்ணு. சண்டையெல்லாம் அடுப்புகிட்டதான்" என்பார். பீட்டரைப் பற்றிப் பேசினால் மட்டும் லேசாக வெட்கப்படுவார். ஐம்பத்து நான்கு வயதில் அவர் வெட்கப்படுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

போன வருடம் ஜூனில் என் தோழி நவோமிக்கு மாதா கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளை சிவநேசன், இந்துப் பையன். இங்கே பல வீடுகளில் அரசாங்கப் பதிவு முதலில் நடக்கும், தாலி ஏறுவது மாதக்கணக்கில் தள்ளிப்போகும். இடைப்பட்ட காலத்தில் பெண் சட்டத்துக்கு மனைவி, வீட்டுக்கு இன்னும் கன்னிப்பெண். நவோமி ஜனவரியிலேயே பதிந்துவிட்டாள். கல்யாணத்தன்று மூன்று மாதக் கர்ப்பம். அம்மா சவுந்தரத்துக்குத் தெரியாது. இதை எழுதலாமா என்று நவோமியிடம் கேட்டுவிட்டேன். மகனுக்குப் பல் முளைத்தாயிற்று, இனி யாருக்கு என்ன கோபம் என்று சிரிக்கிறாள்.

அன்று சிரிக்கவில்லை. ரவிக்கைக் கொக்கி மாட்ட மறுத்தது. அக்கா ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான், நவோமிக்கு அழுகை வந்துவிட்டது.

"அக்கா, இந்த வயித்தோட நான் வெள்ள கட்டலாமா?"

அக்கா பின்களையெல்லாம் வாயிலிருந்து எடுத்தார். "ஏன், அடுத்தவ புருஷனையா கட்டிக்கிட்ட? ஒம் புருஷன்தானே. ஆண்டவருக்குத் தெரியாம ஒண்ணும் நடக்கல. அழுதா மை கரையும், நேரா நில்லு."

கொசுவத்தைச் சற்று ஏற்றிச் செருகி, முந்தானையை முன்பக்கம் அகலமாக இறக்கிவிட்டார். அந்த நிமிடம் அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

கதவைத் திறந்துகொண்டு சவுந்தரம் வந்தார். "என்ன லோகேஸ், இவ்வளவு ஏத்திக் கட்டியிருக்க? இடுப்பே தெரியலையே" என்று மகளின் இடுப்பைத் தேடிக் கையை நீட்டினார்.

அக்கா குறுக்கே புகுந்தார். "அத விடுங்கக்கா. நீங்க இப்படியேவா கோயிலுக்குப் போகப் போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே சவுந்தரத்தின் முன்னால் மண்டியிட்டு, ஒரு குறையும் இல்லாமல் இருந்த அவருடைய கொசுவத்தை உருவிக் கலைத்து, முதல் மடிப்பிலிருந்து நிதானமாக மடிக்கத் தொடங்கினார்.