மீட்டர்காரரின் இடது காது

அந்தப் பண்பலை நிலையத்தில் அவரை எல்லோரும் மீட்டர்காரர் என்றுதான் சொல்வார்கள். ஒலிபரப்பு அறையில் உட்கார்ந்தால் அவருடைய கண் மீட்டர் முள்ளை விட்டு அகலாது. பாட்டு நன்றாக இருக்கிறதா என்று யாராவது கேட்டால், "முள்ளு நல்லா ஆடுது" என்பார். பாட்டைப் பற்றிக் கேட்டால் முள்ளைப் பற்றிச் சொல்கிற மனுஷன் என்று கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டால் மேலே கேள்வி வராது என்பது அவர் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டது.

விஷயம் இதுதான். அவருக்கு இடது காது கேட்காது. ஆறு வயதில் காய்ச்சலோடு சீழ் வைத்தது; காய்ச்சல் போனது, கூடவே காதும் போனது. பள்ளிக்கூடத்தில் இடப்பக்க ஓரத்து இடத்தைப் பிடிப்பதற்காக முதல் ஆளாகப் போய் நிற்பார். அங்கே உட்கார்ந்தால் வகுப்பு முழுக்க வலது காதுப் பக்கம் வந்துவிடும். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிற பழக்கம் மட்டும் அவருக்கு வரவே இல்லை. விடுவதற்குத்தான் அந்தப் பக்கம் வழியில்லையே.

வீட்டில் ஒரே ஒரு ஸ்பீக்கர் வைத்த ரேடியோ இருந்தது. அதற்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. இரண்டு காதுக்காரர்களுக்கு என்ன கிடைத்ததோ அதுவே, ஒரு துளி குறையாமல், அவருக்கும் கிடைத்தது. உலகத்தில் தனக்குக் குறை வைக்காத பொருள் இது ஒன்றுதான் என்று அந்தப் பையனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதைப் பிரித்தான், மாட்டினான், அப்பாவிடம் அடி வாங்கினான், மறுபடியும் பிரித்தான். கடைசியில் அதுவே வேலையும் ஆனது.

வேலையில் சேரும்போது மருத்துவச் சோதனை இருந்தது. டாக்டர் பின்னால் நின்று இடது காதருகே விரலைச் சொடுக்கினார். எதிரே கண்ணாடி அலமாரி. அதில் டாக்டரின் கை அசைந்தபோதெல்லாம் இவர் தலையாட்டினார். தேறிவிட்டார். கல்யாணப் பேச்சு வந்தபோது அம்மா, "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாங்கறாங்க. நாம ஒண்ணே ஒண்ணுதானேடா சொல்றோம்" என்று வாயை அடைத்துவிட்டாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடைய புளுகு ஆபீஸில் இருபது வருஷம், வீட்டில் பத்தொன்பது வருஷம் ஓடியது.

ஓடியதற்கு ஒரே காரணம், அந்த நிலையம் மோனோவில் ஒலிபரப்பியதுதான். எல்லாச் சத்தமும் ஒரே பாதையில் போகும். அதை அளக்க ஒரு காது தாராளம். பிறகு மேலிடத்திலிருந்து ஸ்டீரியோவுக்கு மாறச் சொல்லி உத்தரவு வந்தது. இனி இடது, வலது என்று இரண்டு பாதை. இரண்டு ஸ்பீக்கர் உள்ள ரேடியோ அவற்றைப் பிரித்துத் தரும். ஒரே ஸ்பீக்கர் உள்ள ரேடியோ இரண்டையும் கூட்டித் தரும். நிலைய இயக்குநருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. புது ரேடியோ ஒன்றை வாங்கி மேஜைமேல் வைத்து, ஸ்டீரியோ வந்தால் எரியும் சிவப்பு விளக்கை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டத் தயாராக இருந்தார். இரண்டு பாதையை ஒரு காதால் எப்படி அளப்பது என்று மீட்டர்காரர் மட்டும் யோசித்தார்.

ஒரு வாரம் உட்கார்ந்து அத்தனை வயரையும் அவரே பற்றவைத்தார். வேறு யாரையும் தொடவிடவில்லை. மாற்றத்தன்று காலை ஒரு பாட்டை உள்ளுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தார்கள். இயக்குநர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

"ஆகா! பாடறவங்க என் தலைக்குப் பின்னாடி நின்னு பாடற மாதிரி இருக்கு. என்ன விசாலம்!" என்றார்.

மீட்டர்காரரும் மாட்டிப் பார்த்தார். வலது காதில் பாட்டு வந்தது. இடது முள்ளும் வலது முள்ளும் ஜோடி மாடு மாதிரி சேர்ந்து ஆடின. 'காதால் கேட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்று அச்சடித்த படிவத்தை இயக்குநர் நீட்டினார். கையெழுத்துப் போட்டார்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு நேயர் கடித நிகழ்ச்சியோடு ஸ்டீரியோ தொடங்கியது. அதை நடத்துகிற அறிவிப்பாளர் ஒப்பந்த ஊழியர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தை நீட்டிப்பார்கள். அந்த மாதக் கடைசியில் அது முடிகிறது. கடிதங்களைத் தன் வீட்டுக்கு வந்ததைப் போலவே படிப்பார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வாசிக்க, இந்தப் பக்கம் முட்கள் ஆட, பத்து நிமிடம் போனது. அறைத் தொலைபேசி மணி அடித்தது. மீட்டர்காரரின் மனைவி. வீட்டில் தையல் வேலை செய்கிறவர். மெஷின் பலகையில் ஒரே ஸ்பீக்கர் ரேடியோ எப்போதும் பாடிக்கொண்டிருக்கும்.

"என்னங்க, அந்தம்மா எப்பப் பேசப் போறாங்க?"

"பேசிட்டுதானே இருக்காங்க."

"எங்க பேசறாங்க? பின்னாடி வாசிக்கிற வாத்தியம் மட்டும்தான் வருது. ஆளைக் காணோம்."

"ரேடியோவைத் தட்டிப் பாரு."

"தட்டிட்டேன். எதிர்வீட்டுலயும் இதே கதைதான்."

"மீட்டர் ரெண்டும் சரியா ஆடுதும்மா."

"ஆடினா ஆடட்டும். நான் என்ன அந்த முள்ளையா கேட்கறது?"

அவர் ரிசீவரை வைத்துவிட்டு, ஒலியைச் சரிபார்க்கும் கருவியில் மோனோ பொத்தானை அழுத்தினார். ஒரே ஸ்பீக்கர் ரேடியோவில் கேட்பது அதில் கேட்கும். அறிவிப்பாளரின் குரல் பட்டென்று நின்றுபோனது. கண்ணாடிக்கு அப்பால் அவருடைய உதடு மட்டும் அசைந்தது. மெலிசாக வாத்தியம் மட்டும் கேட்டது. விட்டார், குரல் வந்தது. அழுத்தினார், போய்விட்டது.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரு பக்கத்து வயரில் இரண்டு கம்பிகள் இடம் மாறியிருந்தால் அந்தப் பக்கத்துச் சத்தம் தலைகீழாகப் போகும். தனித்தனியாகக் கேட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டையும் கூட்டினால், நடுவில் இருக்கிற குரலை இடதும் வலதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அழித்துவிடும். முள்ளு அளவைத்தான் காட்டும், தலைகீழைக் காட்டாது. இரண்டு காதுக்காரராக இருந்து, இந்தத் தொழிலும் தெரிந்திருந்தால், குரல் முன்னால் நிற்காமல் தலைக்குப் பின்னால் போனபோதே சந்தேகம் வந்திருக்கும்.

பழைய வயர்ச் சுருளில் வெள்ளைக் கம்பி மேலே வரவேண்டும். புதுச் சுருளில் நீலம். இடப்பக்க இணைப்பு ஒன்றில் கைப்பழக்கத்தில் வெள்ளையை மேலே வைத்துப் பற்றவைத்திருந்தார். அறிவிப்பாளருக்குச் சைகை காட்டி ஒலிபரப்பை நிறுத்திவிட்டு, நான்கு நிமிடத்தில் மாற்றிப் பற்றவைத்தார். பற்றவைக்கும் சூட்டுக்கோல் விரலில் பட்டதுகூட உறைக்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் இயக்குநர் அறைக்கு அழைப்பு வந்தது. ஒலிபரப்பு ஓடிய நேரம் அவர் விருந்தினர்களுக்குச் சிவப்பு விளக்கைக் காட்டுவதில் மும்முரமாக இருந்ததால் நிகழ்ச்சியைக் கவனிக்கவில்லை. புகார்கள் மட்டும் மேஜையில் குவிந்திருந்தன. மீட்டர்காரர் கதவைத் தள்ளியபோது அறிவிப்பாளர் கண் கலங்கி நின்றார்.

"மைக்கைத் திறந்தேன் சார். விளக்கு எரிஞ்சுது. ஏழு கடிதம் படிச்சேன். அதுல ஒரு அம்மா, காணாமப் போன புள்ளைக்கு எழுதினது சார். அவன் எங்கயாவது கேட்டுட்டிருப்பான்னு எழுதியிருந்தாங்க."

"திறந்திருந்தா குரல் எங்க போச்சு? இதை ஃபைல்ல எழுதாம விட முடியுமா?" என்றார் இயக்குநர்.

"அவங்க மேல தப்பில்ல சார்" என்றார் மீட்டர்காரர். "நான்தான் ஒரு வயரை மாத்திப் பத்தவச்சிட்டேன். சரிபண்ணியாச்சு."

இயக்குநர் அவரையே பார்த்தார். இருபது வருஷத்தில் ஒரு புகார் வராத ஆள். கோபம் இறங்கிவிட்டது.

"சரி விடுங்க, ஆனைக்கும் அடி சறுக்கும். மேடம், அந்தக் கடிதங்களை நாளைக்குத் திரும்பப் படிச்சிடுங்க. நீங்க இன்னொரு தடவை காதுல மாட்டிக் கேட்டுட்டு இந்தப் புதுப் படிவத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க. முடிஞ்சது விஷயம்."

தப்பித்துவிட்டார். பேனாவைத் திறந்தால் போதும். எல்லாம் பழையபடி ஆகிவிடும். படிவத்தில் அதே வரி: காதால் கேட்டுச் சரிபார்க்கப்பட்டது. அவர் பேனாவைத் திறந்தார். காணாமல் போன பிள்ளை எங்கோ ஒரு டீக்கடையில் ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் என்ற நினைப்பு வந்தது. இன்று கேட்டிருக்க வேண்டியது அவனுக்குக் கேட்கவில்லை. நாளை இன்னொரு வயர் மாறினாலும் தனக்குத் தெரியப் போவதில்லை. பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"நான் போட முடியாது சார்."

"ஏன்?"

"எனக்கு இடது காது கேட்காது. சின்ன வயசுலேர்ந்தே. காலையில போட்ட கையெழுத்தும் பொய்தான்."

சொல்லி முடித்ததும் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். முதலில் வாய் திறந்தது அறிவிப்பாளர்தான்.

"அதான் நான் பேசறப்ப எல்லாம் தலையைச் சாய்ச்சுக்கிட்டே நிப்பீங்களா? இத்தனை நாளா திமிருன்னு நினைச்சிட்டிருந்தேன் சார்!" என்று சொல்லிவிட்டு, சிரிப்பதா அழுவதா தெரியாமல் இரண்டையும் செய்தார்.

"அப்ப இருபது வருஷமா எப்படி ஓட்டினீங்க?" என்றார் இயக்குநர்.

"மோனோவுக்கு ஒரு காது போதும் சார்."

இயக்குநர் காலையில் தான் மெச்சியதை நினைத்திருக்க வேண்டும். காதைத் தடவிக்கொண்டார். "இதை மேலிடத்துக்கு எழுதித்தான் ஆகணும். அவங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது. உங்க வேலைக்கு நான் சொல்லிப் பார்க்கறேன். அதுவரைக்கும் வயர் வேலை உங்களோடது. கேட்டுச் சொல்றது மேடம். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

மீட்டர்காரர் வீட்டுக்கு நடந்தே போனார். வேலை நிலைக்குமா என்ற பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் வீட்டில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. ஆபீஸுக்குத் தெரிந்தது நாளைக்கு ஊருக்குத் தெரியும். தன் மனைவி அதை மூன்றாம் மனிதர் சொல்லிக் கேட்கக் கூடாது. பத்தொன்பது வருஷம் ஏமாற்றியவனை அவள் எப்படிப் பார்ப்பாள்?

மனைவி ஒரு சட்டைக் கையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். இவர் செருப்பைக் கழற்றாமலே நின்று எல்லாவற்றையும் சொன்னார். வயர், படிவம், கண்ணாடி அலமாரி, அம்மா சொன்ன அந்த ஒரே பொய்.

மனைவி நூலைப் பிரித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"காது. கல்யாணமான நாலாம் நாளே. நீங்க ஒருக்களிச்சுப் படுத்திருந்தீங்க, நல்ல காது தலகாணியில. மூணு தடவை கூப்பிட்டேன். தூங்கறீங்களோன்னு எட்டிப் பார்த்தா, முழிச்சிட்டு சுவத்தைப் பார்த்துட்டிருக்கீங்க."

"ஏன் கேட்கல?"

"மறைக்கிறவர்கிட்ட எப்படிக் கேட்கறது? என்னைக்காவது நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். கோவமும் இருந்துது, இல்லேங்கல." சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "அப்புறம் எனக்கும் அது வசதியாப் போச்சு. வாய்விட்டுச் சொல்ல முடியாததெல்லாம் அந்தக் காதுலதான் சொல்லுவேன். உங்கம்மாவைத் திட்டினது பாதி. உங்களைத் திட்டினது கால்வாசி."

"மிச்சம்?"

மனைவி பிரித்த நூலை விரலில் சுற்றத் தொடங்கினார். மீட்டர்காரர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து, மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நமக்குக் குழந்தை பிறக்காதுன்னு டாக்டர் சொன்னாங்களே, அன்னைக்கு நீ ஒரு வார்த்தை பேசல. ஒரு சொட்டு அழல. கல்லு மாதிரி இருக்கியேன்னு எனக்கு வருத்தம்கூட உண்டு. அன்னைக்கும் சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லேன்."

வாசலில் யாராவது இருக்கிறார்களா என்று மனைவி ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு அவருடைய தலையைப் பிடித்து மெல்லத் திருப்பி, வலது காதில் வாயை வைத்தார்.

"எனக்கு நீங்க இருக்கீங்கல்ல, அது போதும்னு சொன்னேன்."

அவருக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது. ஆனாலும் தலையைத் திருப்பவில்லை.

"கேட்கல. இன்னொரு தடவை சொல்லு" என்றார்.