கிரீஸ் வைத்த வாய்

"டாக்டரம்மா, நாளைக்குக் காலைல வண்டியை வித்துப்போடறேனுங்க. அதுக்கு முன்னால ஒருக்கா பார்த்துச் சொல்லுங்க. நான் எத்தனை மாசம் இருப்பனுங்க?"

புதுச்சத்திரத்தில் பல் கிளினிக் போட்டு இருபது வருடமாகிறது. பாதிப் பேஷண்டுகள் லாரிக்காரர்கள். ஆனால் இப்படிப் பேச்சைத் தொடங்கியவர் பழனிசாமி ஒருவர்தான். சொந்த லாரியைத் தானே ஓட்டுபவர். வாயில் வெள்ளையைப் பார்த்துவிட்டு கேன்சர் என்றே முடிவு கட்டியிருந்தார். பின்னால் அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளை. அவருக்கு லைக்கன் பிளானஸ் என்ற நாள்பட்ட வாய்ப்புண் உண்டு. அதற்கு ஸ்டீராய்டு ஜெல் கொடுத்தவள் நான்தான். காஸ் துணியால் மெல்லத் துடைத்தேன். வெள்ளை வழித்துக்கொண்டு வந்தது, அடியில் ஒரே சிவப்பு.

"ஜெல்லை எத்தனை நாள் தடவுனீங்க?"

"நாலு மாசமுங்க. அடுத்து வார வரைக்கும் தடவச் சொன்னீங்களே! அஸ்ஸாம் லோடு, அப்புறம் குஜராத்து, இப்பத்தான் ஊட்டுக்கு வந்தேன். கிரீஸைக் காய உடலாமுங்களா?"

சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும். ஜெல் கொடுத்த அன்று, பதினைந்து நாளில் வந்துவிடுவார் என்று நானே நினைத்துக்கொண்டேன். லாரிக்காரருக்கு 'அடுத்து வருவது' எப்போது என்று கேட்கவில்லை. ஸ்டீராய்டை அத்தனை நாள் பூசினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான்.

"இது பூஞ்சை மாதிரி இருக்குங்க. இருந்தாலும் கண்ணால பார்த்துச் சத்தியம் பண்ண மாட்டேன். டெஸ்ட் பண்ணிரலாம். ரிசல்ட் வர்ற வரைக்கும் வண்டியை விக்காதீங்க."

"சாவி இங்க இருக்கட்டுங்க" என்று அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார் மனைவி.

வெள்ளையை வழித்தெடுத்துப் பார்த்த ஸ்மியர் டெஸ்டில் பூஞ்சையேதான். ஜெல்லை நிறுத்தி, பூஞ்சை மருந்து கொடுத்ததில் இரண்டு வாரத்தில் வெள்ளை போனது. அடியிலிருந்த பழைய புண்ணில் துளி சதை எடுத்து பயாப்ஸிக்கும் அனுப்பினேன். கேன்சர் இல்லை என்று வந்த அன்று அவரைவிட எனக்குத்தான் நிம்மதி. புண் அவ்வப்போது தலைகாட்டும், விடாமல் வந்து காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். மனைவி இடுப்பிலிருந்த சாவி அவர் கைக்குத் திரும்பியது.

அன்றிலிருந்து என் மருந்துச் சீட்டில், மருந்தை நிறுத்த வேண்டிய தேதியைத்தான் முதலில் எழுதுகிறேன்.

போன மாதம் மறுபடி கொஞ்சம் ஜெல் தேவைப்பட்டது. பதினைந்தாம் நாள் நாக்பூரிலிருந்து போன்.

"டாக்டரம்மா, தேதி வந்துருச்சுங்க. டியூப்பை மூடிப்போட்டேன். மறுக்கா எப்பங்க வந்து காட்டோணும்?"

காலண்டரைப் பார்க்கப் போன கையை நிறுத்திக்கொண்டேன்.

"முதல்ல நீங்க சொல்லுங்க. அடுத்த லோடு எங்கீங்க? எப்ப ஊட்டுக்கு வருவீங்க?"