வோல்ட்டை ஆம்பியரால் வகுத்த கதைகள்

எலக்ட்ரீஷியன் வேலையில் பாதி நேரம் கம்பியோடு போகும். மீதி நேரம் "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு" என்பதைக் கேட்பதில் போகும். விருதுநகரில் ஐ.டி.ஐ. முடித்து, லைசென்ஸ் வாங்கி, மீட்டரும் கையுமாக சிவகாசி, சாத்தூர் வரை அலைகிற பொம்பளை நான். கணக்கு ரொம்பச் சின்னது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ், பெருக்கினால் வாட். வீடு வீடாகப் போய் ரிப்பேர் பார்த்துப் பாடுபடுகிற சொந்தங்களே, இதற்கு மேல் வருவதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

மொறுமொறு அப்பளம்

விருதுநகரில் ஒரு பருப்பு வியாபாரி வீடு. அவர் மனைவி நபீசா அக்காவுக்குப் புது வாட்டர் ஹீட்டர் மேல் கோபம். தண்ணீர் சுடவே மாட்டேன் என்கிறதாம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டானாம். ஹீட்டரைப் போட்டுவிட்டு அளந்தேன். மீட்டர் வரை 225 வோல்ட் ஒழுங்காக வருகிறது. ஹீட்டருக்குப் போய்ச் சேருவது 200தான். கரண்ட் ஏழரை ஆம்பியர். நடுவில் இருபத்தைந்து வோல்ட்டை ஏதோ ஒன்று தின்கிறது. வகுத்தால் ரெசிஸ்டன்ஸ் மூன்று ஓமுக்கு மேல். நல்ல கம்பியில் அவ்வளவு இருக்கவே கூடாது. பெருக்கினால் நூற்றெண்பது வாட்டுக்கு மேல் எங்கேயோ சூடாகிக்கொண்டிருக்கிறது.

மெயினை அணைத்துவிட்டு சுவிட்ச் பெட்டியைத் திறந்தேன். நியூட்ரல் திருகாணி லொடலொடவென்று ஆடியது. பக்கத்து வயரெல்லாம் கருகி, மரப்பலகை பழுப்பேறி இருந்தது. கருகியதை மாற்றி, இறுக்கி முடுக்கிவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா வீடே பத்தியிருக்கும்க்கா" என்றேன். நபீசா அக்கா பெட்டி மேல் வைத்திருந்த டப்பாவைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். "அதான் இதுல வச்ச அப்பளம் நமுத்துப் போகாம இருந்துச்சா?"

ஆளுக்கொரு சட்டம்

மல்லாங்கிணறு பக்கம் பரமசிவம் அண்ணாச்சிக்கு மக்காச்சோளம். மழை ஏமாற்றிவிட, கிணற்று மோட்டாரை நம்பித்தான் பயிர் நின்றது. வோல்டேஜ் குறைந்த நேரத்தில் மோட்டார் ஓடி, அதை நிறுத்துகிற ரிலே அடிக்கடி விழுந்திருக்கிறது. அண்ணாச்சி அதில் ஒரு குச்சியைச் செருகி விழாமல் பண்ணிவிட்டார். நான் போனபோது ஷெட்டெல்லாம் வார்னிஷ் கருகிய வாடை. மோட்டாரின் காயில் எரிந்து போயிருந்தது.

"நீங்கதான எங்க வீட்டு இஸ்திரிப் பெட்டியப் பாக்கையில, வோல்ட்டு குறைஞ்சா கரண்டும் குறையும்னு சொன்னீக?" என்றார். சொன்னது வாஸ்தவம். இஸ்திரிப் பெட்டியில் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய அதேதான், அதனால் குறையும். மோட்டாரோ அதே தண்ணீரைத் தூக்கியாக வேண்டும். வோல்ட் குறைந்தால் கரண்ட்டைக் கூடுதலாக இழுத்துச் சூடாகும். அதைத் தடுக்கத்தான் ரிலே விழுகிறது என்று விளக்கினேன். காயில் கட்டி வரும்வரை பக்கத்துக் காட்டுக்காரர் தண்ணீர் விட்டதால் சோளம் பிழைத்தது. ஆனாலும் அண்ணாச்சிக்கு மனசு ஆறவில்லை. "இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு சட்டம், மோட்டாருக்கு ஒரு சட்டம்னா, நாங்க எதத்தான் நம்புறது?"

மை காயும்

சிவகாசியில் காலண்டர் சீசன். ஓர் அச்சகத்தில் பிரேக்கர் விழுந்துகொண்டே இருந்தது. ஒரே லைனில் மிஷினும் ஏ.சி.யும். பெரிய பிரேக்கராகப் போடச் சொன்னார் முதலாளி. சுற்றிலும் கூரை வரை பேப்பர் கட்டு. "கம்பி அதேதான சார், கரண்ட் ரெண்டு மடங்கு போனா கம்பியில சூடு நாலு மடங்கு ஏறும்" என்று சொல்லி, ஏ.சி.க்குத் தனி லைன் இழுக்கத் தொடங்கினேன். முதலாளி பேப்பர் கட்டைத் தட்டிப் பார்த்தார். "நாலு மடங்குன்னா நல்லதுதானம்மா, மை சீக்கிரம் காயும்ல?"

தகட்டில் தாமரை

சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. மருந்து கலக்கிற அறை வாசலில் ஒரு செம்புத் தகடு, தரைக்குள் புதைத்த எர்த்தோடு சேர்த்திருக்கும். உள்ளே போகிறவர்கள் அதை வெறுங்கையால் தொட்டுவிட்டுப் போக வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கிற மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். இறங்காவிட்டால், உள்ளே ஒரு சின்னப் பொறி போதும்.

எர்த் சோதிக்கப் போனவள் தகட்டைப் பார்த்து நின்றுவிட்டேன். பளபளவென்று பச்சை எனாமல் பெயின்ட், நடுவில் ரோஸ் கலரில் தாமரை. போர்மேன் மாரிமுத்து முந்தின நாள் சாயங்காலம் ஆசையாக வரைந்தது. அன்று காலை அத்தனை பேரும் அந்தத் தாமரையைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார்கள். சத்தம் போடாமல் எல்லோரையும் வெளியே வரச் சொன்னேன். பெயின்ட் மேல் தொட்டால் மின்சாரம் மண்ணுக்கு இறங்காது என்பதை வேப்பமரத்தடிக்கு வந்த பிறகுதான் சொன்னேன்.

மருந்தையும் அப்புறப்படுத்திய பிறகு மீட்டரை வைத்தேன். மீட்டர் கொடுக்கிற வோல்ட் இருக்கிறது, தகட்டில் ஓடுகிற ஆம்பியர் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னது அன்றைக்குத்தான் உறைத்தது. மாரிமுத்து அண்ணன் தானே உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தார். செம்பு தெரிந்தது. மறுபடி அளந்தேன், கரண்ட் ஓடியது, வகுத்ததில் ஓம் சரியாக வந்தது. ஒவ்வொருவராகத் தொட்டு உள்ளே போனார்கள். மருந்து கலக்கிற பேச்சியம்மாள் மட்டும் வாசலில் நின்று திரும்பினாள். "அண்ணே, இனிமே படம் வரைய ஆசை வந்தா உங்க வீட்டுச் செவுத்துல வரைங்க, அங்கன நாங்க யாரும் வர்றதில்ல."

மொத்தத்தில், வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் ஓமையும் வாட்டையும் கண்டுபிடித்துவிடலாம். நான் கிளம்பிய பிறகு இவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்குத்தான் இன்னும் ஃபார்முலா கிடைக்கவில்லை.